வீட்டோடு செல்வன எவை?

வீட்டை விற்பவர் திறவுகோலை ஒப்படைத்துவிட்டார். சுவரில் பதித்த அலமாரியும் சுவரோரம் நிறுத்திய பீரோவும் வாங்கியவருக்கே உரியனவா? கூடத்து ஊஞ்சல் யாருடையது? விலை பேசும்போது எழாத இவ்வினாக்கள், வீடு கைமாறும் நாளில் பூசலாக வெடிப்பதுண்டு.

சட்டம் சொத்துகளை அசையும் பொருள், அசையாப் பொருள் என இருவகைப்படுத்துகிறது. நிலமும் கட்டடமும் அசையாப் பொருள்கள்; கட்டில், நாற்காலி முதலியன அசையும் பொருள்கள். தனியே செய்யப்பட்டுப் பின்னர் வீட்டோடு பொருத்தப்படுபவையே ஐயத்துக்கு இடமாகின்றன.

இந்தியாவின் சொத்து மாற்றச் சட்டம், 1882 நிலத்தோடு இணைந்தவற்றை மூன்றாகப் பகுக்கிறது. மண்ணில் வேரூன்றிய மரஞ்செடிகள் முதல் வகை. மண்ணில் பதிந்த சுவரும் கட்டடமும் இரண்டாம் வகை. அவ்வாறு பதிந்தவற்றை நிலையாகப் பயன்படுத்துவதற்காக அவற்றோடு பொருத்தப்பட்டவை மூன்றாம் வகை. எனவே, ஒரு பொருள் எவ்வளவு உறுதியாகப் பொருத்தப்பட்டுள்ளது என்பதோடு, எந்த நோக்கத்துக்காகப் பொருத்தப்பட்டது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

இங்கிலாந்தின் இரு வழக்குகள் இதனைத் தெளிவுபடுத்தும். 1872இல் ஓர் ஆலையின் தரையில் ஆணிகளால் பொருத்தப்பட்டிருந்த தறிகள், அவ்வாலையின் பகுதியே எனத் தீர்ப்பாயிற்று. 1902இல் ஒரு மாளிகைச் சுவரில் ஆணிகொண்டு பொருத்தப்பட்டிருந்த சித்திரத் திரைகளோ அசையும் பொருள்கள் எனத் தீர்ப்பாயின. இரண்டிலும் ஆணி உண்டு. ஆயினும், தறிகள் ஆலையின் பயனுக்காக நிறுவப்பட்டவை. திரைகள் கண்டு மகிழ்வதற்காகவே மாட்டப்பட்டவை.

வீடு விற்கப்படும்போது பூட்டு, திறவுகோல், தாழ்ப்பாள், கதவு, சன்னல் ஆகியவையும் நிலையான பயன்பாட்டுக்கென அமைந்த பிறவும் அதனோடு சேர்ந்தே செல்லும் என நம் சட்டத்தின் 8ஆம் பிரிவு கூறுகிறது. சட்டைப்பையில் அடங்கும் திறவுகோலும் வீட்டின் உறுப்பாகிறது! கூரையில் பதித்த ஊஞ்சற் கொக்கி வீட்டைச் சார்ந்தது. கழற்றி எடுக்கத்தக்க பலகையும் சங்கிலியும் வழக்குக்கு இடந்தருவன. மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி போன்றவற்றின் நிலையும் இத்தகையதே.

இருவரும் வேறுவிதமாக உடன்பட்டால் அவ்வுடன்பாட்டையே சட்டம் ஏற்கும். மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் உட்பட எனச் சோழர்காலக் கல்வெட்டுகள் நிலத்தோடு செல்வனவற்றை விரித்துரைக்கின்றன. பிற்காலக் கிரயப் பத்திரங்களிலும் 'மாவடை, மரவடை' என்னும் தொடர் இடம்பெறுகிறது. ஐயம் எழுமுன் அதனைக் களைவதே இம்மரபின் பயன். முன்பணம் கைமாறுவதற்கு முன்பே, வீட்டில் இருப்பவை எவை, எடுத்துச் செல்லப்படுபவை எவை எனப் பட்டியலிட்டு இருவரும் ஒப்பமிடுதல் நன்று. பல்லாண்டுச் சேமிப்பைக் கொடுத்து வீடு வாங்கும் குடும்பத்துக்கு அவ்வொரு தாளே காப்பாகும்.