காவிரி மண்ணை 1,250 டிகிரியில் சுட்டால் என்ன ஆகும்? சிலை செய்ய ஏற்ற ஸ்டோன்வேர் மண் எது?

நவராத்திரி வந்தால் ஸ்ரீரங்கத்துக் கடைகளில் மண் பொம்மைகள் அணிவகுக்கும். வீட்டுக்குள் போனால் மாவடு ஊறும் பழுப்பு வெள்ளை ஜாடி. பொம்மையும் மண்தான், ஜாடியும் மண்தான். ஆனால் வண்ணம் பூசாத பொம்மை தண்ணீரை உறிஞ்சிவிடும். ஜாடியிலோ வருஷக்கணக்கில் உப்புநீர் நின்றாலும் கசியாது. என்ன வித்தியாசம்? மண்ணும், அது பார்த்த சூடும்தான்.

ஸ்டோன்வேர் என்றால் என்ன?

நாம் பீங்கான் ஜாடி என்று சொல்வது உண்மையில் ஸ்டோன்வேர். சுமார் 1,200 முதல் 1,300 டிகிரி செல்சியஸில் சுடப்படுவது. அந்தச் சூட்டில் மண்ணின் ஒரு பகுதி உருகிக் கண்ணாடிபோல் ஆகி, துகள்களுக்கு இடையே உள்ள ஓட்டைகளை அடைத்துவிடும். ஆறியதும் கல் மாதிரி இறுகிவிடும். சாதாரண மண்பானை 1,000 டிகிரிக்குள்ளேயே சுடப்படுவதால் நுண்துளைகள் அப்படியே இருக்கும். பானைத் தண்ணீர் குளிர்வதற்கு அந்தத் துளைகள்தான் காரணம்.

அப்படியானால் காவிரி மண்ணையே இன்னும் சூடேற்றினால் போதாதா?

போதாது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஆற்று வண்டலில் இரும்புச்சத்து அதிகம். சுட்டதும் சிவப்பாவது அதனால்தான். அதே இரும்பு, மண்ணைச் சீக்கிரம் உருகவும் வைக்கும். இப்படிப்பட்ட சிவப்பு மண் 1,100 டிகிரியைத் தாண்டினாலே உப்பி, வளைந்து, உருக்குலையத் தொடங்கும். 1,250 டிகிரிக்குப் போனால் சூளைத் தட்டிலேயே உருகி ஒட்டிக்கொள்ளலாம். பொதுச் சூளை என்றால் பக்கத்தில் இருப்பவரின் சிலையும் போச்சு.

அதற்காக ஆற்று மண் மட்டமில்லை. அதற்கான இடம் 900 டிகிரி சுற்றுவட்டாரம், அவ்வளவுதான். அதிகச் சூட்டைத் தாங்க அலுமினா கூடுதலாக உள்ள களிமண் வேண்டும். திருச்சியிலிருந்து சென்னை போகும் ரயில் பாதையில் உள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அதை அடுத்த நெய்வேலிப் பகுதியிலும் இத்தகைய மண் கிடைக்கிறது. புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி, ஸ்டோன்வேர் கலையை இந்தப் பக்கம் வேரூன்ற வைத்தது.

சிலைக்கு எந்த மண் நல்லது?

சக்கரத்தில் கிண்ணம் செய்ய வழவழப்பான மண் வேண்டும். கையால் சிலை செய்ய அது சரிப்படாது. கனமான பகுதி மெதுவாகவும் மெல்லிய பகுதி வேகமாகவும் காய்வதால் வெடிப்பு விடும்.

புதுக்கோட்டைப் பக்கம் அய்யனார் குதிரை செய்யும் வேளார்கள் மண்ணில் உமியும் மணலும் கலப்பார்கள். உமி எரிந்துபோன இடம், ஆவி வெளியேற வழியாகும். உள்ளே கூடாக இருப்பதால்தான் அவ்வளவு பெரிய குதிரையும் சூட்டைத் தாங்குகிறது. ஸ்டோன்வேரில் இந்த வேலையைப் பெரும்பாலும் சுட்ட மண்ணை நொறுக்கிய குருணை செய்கிறது. கடைக்காரர்கள் இதை 'குராக்' என்பார்கள். சிலைக்கு 20 முதல் 30 சதவீதம் வரை குராக் கலந்த மண்ணைக் கேட்டு வாங்கலாம்.

சுருக்கத்தையும் கணக்கில் வையுங்கள். ஸ்டோன்வேர் மண் காய்ந்து சுடுவதற்குள் பொதுவாக 10 முதல் 13 சதவீதம் சுருங்கும். 12 அங்குலத்தில் செய்த சிலை ஏறக்குறைய பத்தரை அங்குலமாகத்தான் வெளியே வரும்.

சூளையில் சிலை ஏன் வெடிக்கிறது?

காற்றுக்குமிழிதான் காரணம் என்று சொல்வார்கள். உண்மையான வில்லன் ஈரம். 100 டிகிரியில் தண்ணீர் ஆவியாகும்போது வெளியேற வழியில்லாவிட்டால் சிலையைப் பிளந்துவிடும். எனவே சிலையை உள்ளே குடைந்து, சுவர் ஒரே கனமாக இருக்கும்படி செய்து, அடியில் ஒரு துளை விடுங்கள். பிளாஸ்டிக் போர்த்தி மெதுவாகக் காயவிடுங்கள். கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கிறதா? இன்னும் ஈரம் போகவில்லை.

சூளையிலும் அவசரம் கூடாது. தொடக்கத்தில் 100 டிகிரிக்குக் கீழேயே சில மணி நேரம் வைப்பது நல்லது. 573 டிகிரியில் மண்ணில் உள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரியும்; ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். இரண்டு முறையும் நிதானம் தேவை. முதல் சூடு 950 முதல் 1,000 டிகிரி. மேற்பூச்சு கொடுத்த பிறகு இரண்டாவது சூடு 1,200-க்கு மேல்.

மண் வாங்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

ஊர்ப்பக்க விறகுச் சூளை பெரும்பாலும் ஸ்டோன்வேர் சூட்டை எட்டாது. அதற்கு மின்சார, எரிவாயு சூளைகளோ, அதற்கென்றே கட்டிய விறகுச் சூளையோ வேண்டும். ஆகவே முதலில் சூளையைத் தேடுங்கள், பிறகு மண்ணை. சூளைக்காரரிடம் எத்தனை டிகிரி வரை போகும் என்றும், மண் விற்பவரிடம் எத்தனை டிகிரி வரை தாங்கும், எவ்வளவு சுருங்கும் என்றும் கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால், அந்த மண்ணில் ஒரு சின்ன வில்லை செய்து, உடைந்த ஓட்டின் மேல் வைத்து முதலில் சுட்டுப் பாருங்கள். ஒரு மாத உழைப்பைக் காப்பாற்ற ஒரு வில்லை போதும்.