சின்னக் கத்தி, பெரிய கவனம்!

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். ஆனால் மழுங்கிய கத்தியை வைத்துக்கொண்டு ஒரு தக்காளியை நறுக்கிப் பார்த்தால், எவ்வளவு வல்லவருக்கும் பொறுமை போய்விடும். அழுத்த அழுத்தக் கத்தி வழுக்கும். வழுக்கினால் விரலுக்குத்தான் ஆபத்து.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துக்கு இன்று ஜப்பான் தூர தேசமல்ல. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிஸான் கார் ஆலை திறக்கப்பட்டது. வல்லம் வடகாலில் 2015-இல் யமஹா மோட்டார் சைக்கிள் ஆலை வந்தது. வேலை நிமித்தம் ஜப்பான் போய் வருகிறவர்கள் வீட்டுக்கு வாங்கி வரத் தக்க பொருள்களில் ஒன்று, அந்நாட்டுச் சமையல் கத்தி. (விமானத்தில் கைப்பையில் கொண்டுவர முடியாது; சரக்கில் போடும் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.)

வாள் செய்த கைகள்

ஜப்பானில் செக்கி என்ற ஊர் பல நூற்றாண்டுகளாக வாளுக்குப் பெயர் போனது. 1876-இல் பொது இடத்தில் வாள் தரிப்பதை அரசாங்கம் தடை செய்தது. வாள் அடித்த கொல்லர்கள் பலர் சமையல் கத்திகளுக்கும் மற்றக் கருவிகளுக்கும் திரும்பினார்கள். ஒஸாக்காவை அடுத்த ஸாக்காய் நகரமும் கத்திக்குப் புகழ் பெற்றது.

எதை வாங்குவது?

முதன்முதலாக வாங்குகிறவர்களுக்கு ஏற்றது ‘பெட்டி’ என்ற சிறு கத்தி. நம் பெட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ‘சிறியது’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. அலகின் நீளம் 12 முதல் 15 சென்டிமீட்டர் வரை இருக்கும். வெங்காயம், பச்சை மிளகாய், பீன்ஸ், பழம் எல்லாவற்றுக்கும் போதும்.

இரு பக்கமும் தீட்டியதாகப் பார்த்து வாங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தீட்டிய கத்தி பழகாத கைக்குச் சரிப்படாது; வலக்கைக்காரர்களுக்குச் செய்தது இடக்கைக்காரர்களுக்கு உதவாது.

எஃகிலும் இரு வகை உண்டு. கார்பன் எஃகு எளிதில் கூராகும். ஆனால் மாங்காய், எலுமிச்சை, வாழைப்பூ பட்டால் கறுக்கும், ஈரம் நின்றால் துருப்பிடிக்கும். நம் வீட்டுச் சமையலுக்குத் துருவை எதிர்க்கும் எஃகே மேல்.

அரிவாள்மணை வேலை வேண்டாம்

ஜப்பானியக் கத்திகளில் பலவற்றின் எஃகு, ராக்வெல் என்னும் கடினமானியில் 60 அல்லது அதற்கு மேல் காட்டும். அதனால்தான் மெல்லிய கூர் நெடுநாள் நிற்கிறது. ஆனால் கடினமான பொருள் சட்டென்று உடையும் அல்லவா? தேங்காய், எலும்பு, மீன் தலை, உறைந்த இறைச்சி ஆகியவற்றில் இதைப் போட்டால் விளிம்பு பல் பல்லாகப் பெயரும். பூசணியைப் பிளப்பதும் பலாப்பழம் அரிவதும் அரிவாள்மணையின் வேலை. அதை அதனிடமே விட்டுவிட வேண்டும்.

நம் வீடுகளில் காயைக் கையில் பிடித்து, கட்டை விரலை நோக்கிக் கத்தியை இழுத்து நறுக்கும் வழக்கம் உண்டு. இந்தக் கத்தியில் அது கூடவே கூடாது. மரப்பலகையில் காயை வைத்து, விரல் நுனிகளை உள்ளே மடக்கிப் பிடித்து நறுக்க வேண்டும். கிரானைட் மேடை, எவர்சில்வர் தட்டு இரண்டும் கூரைக் கெடுக்கும். நறுக்கியதை வழித்தள்ளக் கத்தியின் முதுகையே உபயோகிக்கலாம்.

கழுவு, துடை, எடுத்து வை

ஜப்பானிய ஆலைகளில் ‘ஐந்து எஸ்’ என்ற ஒழுங்குமுறை உண்டு. கருவியைத் துடைத்து அதற்குரிய இடத்தில் வைப்பதும் அதில் அடக்கம். ஆலையில் கற்ற அந்தப் பாடம் அடுக்களைக்கும் பொருந்தும். வேலை முடிந்த உடனே கழுவி, உலர்ந்த துணியால் துடைத்து, உறையிலிட்டுத் தனியே வைக்க வேண்டும். தொட்டியில் மற்றப் பாத்திரங்களோடு ஊறப் போடலாகாது. ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீர் எஃகுக்குப் பகை. துருவை எதிர்க்கும் எஃகிலும் அது புள்ளி விழச் செய்யும்.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுப்பதும் நல்லதல்ல. பொறி பறக்கும் சக்கரத்தின் சூட்டில் எஃகின் பதம் போய்விடும். ‘1000’ என்ற எண்ணுள்ள நீர்க்கல் ஒன்று வீட்டில் இருந்தால் போதும். கல்லை நனைத்து, கத்தியைச் சுமார் 15 டிகிரி சாய்வில் வைத்துத் தீட்ட வேண்டும். சிறு கத்திக்கு, முதுகு கல்லிலிருந்து 7 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால் சரியாக இருக்கும். மறு பக்கத்து விளிம்பில் மெல்லிய பிசிறு கைக்குத் தட்டுப்பட்டதும், கத்தியைத் திருப்பி அந்தப் பக்கத்தையும் தீட்டலாம். கடைசியில் இரு பக்கமும் லேசாகத் தேய்த்துப் பிசிறைப் போக்கிவிட வேண்டும்.

கத்தியைப் பரிசளித்தால் உறவு அறுந்துவிடும் என்ற நம்பிக்கை ஜப்பானிலும் இருக்கிறது. அதற்குப் பரிகாரமாக, வாங்கிக்கொள்கிறவர் ஒரு சிறு நாணயம் கொடுத்து விலைக்கு வாங்கியதுபோல் ஆக்கிவிடுவார்களாம். நம்பிக்கை எப்படியிருந்தாலும், கத்தியைக் கொடுக்கிறவர்கள் அதைப் பிடிக்கும் முறையையும் துடைக்கும் முறையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது அவசியம். கத்தியும் நிலைக்கும், விரலும் பிழைக்கும்!