காய்ச்சாத பாலும் மருந்துக்கு அடங்காத கிருமியும்

மாட்டுக்கு மடிவீக்கம் கண்டால் பால் திரிதிரியாக வரும், மடி சூடேறி இறுகும், காம்பைத் தொட்டாலே மாடு உதைக்கும். மடிக்குள் புகுந்த பாக்டீரியாதான் பெரும்பாலும் காரணம். காம்பின் துளை வழியே சிறு குழாயால் ஆண்டிபயாடிக் மருந்தைச் செலுத்துவது வழக்கமான சிகிச்சை. சில நாளில் வீக்கம் வடிந்துவிட்டாலும் மருந்து பாலில் இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் மருந்துப் பெட்டியில் குறித்த நாள்கள் முடியும்வரை அந்த மாட்டின் பாலைக் கறந்து கொட்டிவிட வேண்டும், விற்கக் கூடாது. நாலைந்து மாடுகளை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது பெரிய இழப்பு. வீக்கம் வடிந்ததும் மருந்தைப் பாதியில் நிறுத்துவதும், அந்தப் பாலை மற்ற பாலோடு சேர்த்துவிடுவதும் இந்த நெருக்கடியில்தான் தொடங்குகின்றன. அரைகுறை மருந்துக்குச் சாகாமல் மிஞ்சுவது அந்த மருந்தைத் தாங்கும் கிருமி. அடுத்து பெருகுவதும் அதுவே.

மடிவீக்கத்தை உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமியின் பல வகைகள் பெனிசிலினையே சிதைக்கும் நொதியைச் சுரக்கின்றன. இத்தகைய நொதி பாக்டீரியாவில் இருப்பது 1940-லேயே கண்டறியப்பட்டது. கெட்ட செய்தி என்னவென்றால், எதிர்ப்புத் திறனுக்கான மரபணுவை ஒரு கிருமி வேறு வகைக் கிருமிக்கும் கைமாற்ற முடியும். மனிதக் குடலுக்குள்ளும் இது நடக்கலாம். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகளே நேரடிக் காரணமாக 2019-இல் உலகில் ஏறக்குறைய 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்பது லான்செட் இதழில் வந்த மதிப்பீடு.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்த காலத்தில் லயத்து வீடுகளின் பின்புறம் மாடு வளர்த்தவர்கள் பலர். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளான பிறகும் தமிழர்கள் சிலர் அந்தத் தொழிலை விடவில்லை. கறந்த பாலைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வீடு வீடாகக் கொடுக்கும் வழக்கமும் மறையவில்லை. தெரிந்தவர் கொடுக்கும் பால், தண்ணீர் கலக்காத பால் என்ற நம்பிக்கை அதற்கு உண்டு. அந்த நம்பிக்கையில் நியாயம் இருக்கலாம். ஆனால் பாலில் கிருமி இல்லை என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. தீபகற்ப மலேசியாவின் 360 பண்ணைகளிலிருந்து எடுத்த 930 பச்சைப்பால் மாதிரிகளை ஆராய்ந்து 2004-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 90 விழுக்காட்டில் கோலிஃபார்ம் கிருமிகள் இருந்தன. 65 விழுக்காட்டில் ஈ.கோலியும், 60 விழுக்காட்டுக்கு மேல் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸும் காணப்பட்டன.

பினாங்கில் 2011-ஐ ஒட்டி நடந்தது இன்னும் கசப்பான பாடம். ஒரே பண்ணையின் காய்ச்சாத ஆட்டுப்பாலைக் குடித்த 79 பேருக்கு ஓராண்டுக்குள் புருசெல்லா காய்ச்சல் உறுதியானது. நோய் இன்னதென்று தெரியவே சராசரி 53 நாள் ஆனது. பெரும்பாலோர் இரண்டு ஆண்டிபயாடிக்குகளை ஆறு வாரம் உட்கொண்டனர்; அப்படியும் ஐந்தில் ஒருவருக்கு நோய் திரும்பியது. அந்தக் கிருமிக்கு மருந்து வேலை செய்தது. வேலை செய்யாத கிருமியாக இருந்திருந்தால் நிலைமை எங்கே போய் நின்றிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மருந்துக்கு அடங்காத கிருமி நெருப்புக்கு அடங்கும். இதை ஒவ்வொரு வீடும் தெரிந்துகொள்வது அவசியம். 63 பாகை வெப்பத்தில் 30 நிமிடம், அல்லது 72 பாகையில் 15 விநாடி வைத்தாலே பாலில் நோய் தரும் பாக்டீரியாக்கள் அழியும். அதுவே பாஸ்டர் முறை. வீட்டில் பால் பொங்கி வரும்வரை காய்ச்சினால் போதும். ஆனால் பாலில் தங்கிய மருந்தின் எச்சம் காய்ச்சுவதால் முழுமையாகப் போகாது. ஸ்டெஃபைலோகாக்கஸ் சுரந்த நஞ்சும் கொதிநிலையைத் தாங்கும். காலையில் கறந்த பாலை மதியம்வரை வெளியே வைத்துவிட்டுப் பிறகு காய்ச்சுவதில் பயனில்லாமல் போவது இதனால்தான். வாங்கியவுடன் காய்ச்ச வேண்டும், இல்லையென்றால் 4 பாகைக் குளிரில் வைக்க வேண்டும்.

கோயில் பாலும் இங்கே சேரும். தைப்பூசத்தன்று பத்துமலையில் பால்குடம் எடுப்பவர்கள் வரிசையில் நின்று 272 படி ஏறி முடிக்கப் பல மணி நேரம் ஆகலாம். அரை மணிக்கொரு முறை இரட்டிக்கும் கிருமி நான்கு மணி நேரத்தில் 256 மடங்காகும். அபிஷேகத்துக்குப் பச்சைப்பால் என்பது மரபு. அதில் யாரும் கை வைக்க வேண்டியதில்லை. அந்தப் பாலைப் பிரசாதமாகக் குடிப்பதில்தான் ஆபத்து. குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் முதியவருக்கும் தருவதற்குக் காய்ச்சி ஆறிய பாலைக் கோயில் நிர்வாகம் தனியாக வைத்துவிடலாம்.

உடல்நலத்துக்குக் கேடான பொருள் கலந்த உணவை விற்பது மலேசியாவின் 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி குற்றம். ஒரு லட்சம் வெள்ளிவரை அபராதமோ, பத்தாண்டுவரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். உணவிலுள்ள மருந்து எச்சத்துக்கு 1985-ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறைகள் வரம்பு வைத்துள்ளன. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக மிஞ்சியுள்ள கோலிஸ்டின் மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்குத் தருவதற்கு 2019 ஜனவரி முதல் மலேசியாவில் தடை உண்டு.

பால் குடித்தபின் வயிற்றுப்போக்கு, வாந்தி, விடாத காய்ச்சல் கண்டவர் மீதிப் பாலைக் கொட்டிவிடாமல் குளிர்பெட்டியில் வைத்து, மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுக்க வேண்டும். பச்சைப்பால் குடித்ததை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. நோய் கடுமையாக இருந்தால், எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று காட்டும் பரிசோதனையைக் கேட்கலாம். உணவு நச்சு அறிவிக்கப்பட வேண்டிய நோய் என்பதால், மருத்துவர் அதைச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். பாலுக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் உண்டு. மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை. உடல் பாதிப்புக்கான இழப்பீட்டை மட்டும் அங்கே கேட்க முடியாது, அதற்கு நீதிமன்றம் போக வேண்டும்.

பால்காரரிடம் இரண்டு கேள்வி கேட்பது வாங்குபவரின் உரிமை: மாட்டுக்கு அண்மையில் ஊசியோ மருந்தோ போட்டதுண்டா, எத்தனை மணிக்குக் கறந்த பால் இது. நேர்மையான பால்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார். பதில் சொல்லத் தயங்குபவரிடம் பால் வாங்காதீர்கள்.