மர்யம் (அலை) அவர்களுக்குக் கிடைத்த ஆறுதல் நம் தாய்மாருக்குக் கிடைக்கிறதா?





குழந்தை பிறந்த வீட்டில் எல்லோரும் குழந்தையின் முகத்தையே பார்க்கின்றனர். பெயர் சூட்டுதல், முடி களைதல், அகீகா என வீடு கலகலப்பாக இருக்கிறது. ஆனால், அறையின் மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் தாயின் முகத்தை எத்தனை பேர் பார்க்கின்றோம்? அவள் காரணமின்றி அழுகிறாள். குழந்தை உறங்கும்போதும் அவளுக்கு உறக்கம் வருவதில்லை. ‘நான் நல்ல தாய் இல்லை’ என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறாள். வீட்டாரோ, ‘ஈமான் குறைந்துவிட்டது’ என்கின்றனர். ‘கண்ணூறு பட்டுவிட்டது’ என்கின்றனர். ‘நாங்களெல்லாம் ஏழு பிள்ளை பெறவில்லையா?’ என்று கேட்கின்றனர்.

இச்சொற்கள் நியாயமானவைதானா?

அல்குர்ஆன் காட்டும் முன்மாதிரி

சூரா மர்யமில் இடம்பெறும் சம்பவத்தைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். பிரசவ வேதனை மர்யம் (அலை) அவர்களைப் பேரீச்ச மரத்தின் அடிக்குக் கொண்டு வந்தது. இதற்கு முன்னரே இறந்து போயிருக்கக் கூடாதா என்று அவர்கள் ஏங்கினார்கள். உலகப் பெண்களுள் தெரிவு செய்யப்பட்ட ஒருவரின் வாயிலிருந்து வந்த ஏக்கம் அது. அதற்காக அல்லாஹ் அவர்களைக் கண்டிக்கவில்லை. கவலை வேண்டாம் என்ற ஆறுதல் வந்தது. காலடியில் நீரோடை வந்தது. மரத்திலிருந்து கனிந்த பழங்கள் வந்தன. மனிதர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சுமையும் நீக்கப்பட்டது.

ஆறுதல், நீர், உணவு, ஓய்வு. துயருற்ற தாய்க்கு முதலில் வழங்கப்பட்டவை இவையே. உபதேசம் அல்ல.

நமது மார்க்கம் நிபாஸ் காலத்தில் தொழுகையை நீக்கியிருப்பதையும், நோன்பைப் பிற்போட அனுமதித்திருப்பதையும் கவனியுங்கள். மார்க்கமே இரக்கம் காட்டியிருக்கும் காலத்தில், ‘தொழாமல் இருப்பதால்தான் மனம் இருண்டிருக்கிறது’ என்று அவள் மீது பழி போட நமக்கு என்ன உரிமை உண்டு?

இது என்ன நோய்?

குழந்தை பிறந்த சில நாட்களில் பெரும்பாலான தாய்மாருக்கு அழுகையும் எரிச்சலும் வந்து போகின்றன. உடலின் ஹோர்மோன்கள் திடீரெனக் குறைவதும் உறக்கமின்மையும் இதற்குக் காரணமாகும். இது பொதுவாக இரண்டு வாரங்களுக்குள் நீங்கிவிடும். அதற்கு மேலும் துயரம் நீடித்து, பசியும் உறக்கமும் கெட்டு, குழந்தையின் மீதே பற்றற்றுப் போகுமாயின், அது பிரசவத்தின் பின்னரான மனச்சோர்வு எனும் நோயாக இருக்கலாம். உலகளவில் பிரசவித்த பெண்களுள் சுமார் 13 வீதமானோரும், வளர்முக நாடுகளில் ஏறத்தாழ ஐவருள் ஒருவரும் மனநலப் பாதிப்புக்கு உள்ளாவதாக உலக சுகாதார அமைப்பு கூறுகின்றது. இதில் மனச்சோர்வே முதலிடம் வகிக்கின்றது. தந்தையரும் இதற்கு விதிவிலக்கானவர்கள் அல்லர்.

தாயின் முகமே குழந்தையின் உலகம்

1970களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரோனிக் ஓர் எளிய பரிசோதனையைச் செய்தார். குழந்தையுடன் சிரித்து விளையாடிக் கொண்டிருக்கும் தாய், சிறிது நேரம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருக்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கைகளை நீட்டுகிறது, குரல் எழுப்புகிறது. தாயின் முகம் மாறாதபோது கலங்கி அழுகிறது. இறுதியில் முகத்தைத் திருப்பிக் கொள்கிறது. சில நிமிடங்களிலேயே இவ்வாறாயின், மாதக்கணக்கில் நோயினால் வாடிய முகத்தைப் பார்க்கும் குழந்தையின் நிலை என்ன? குற்றம் தாயுடையதல்ல. அவளுக்கு மருந்தும் துணையும் கிடைக்காமல் செய்த நமது அலட்சியத்தினுடையது.

தாய் மீண்டும் சிரித்ததும் குழந்தையும் அவளிடம் திரும்பி வருகிறது என்பதையும் அப்பரிசோதனை காட்டிற்று. ஆகவே, நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை.

கிராமத்துப் பெண்கள் செய்த வைத்தியம்

பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் கிராமங்களில் பேராசிரியர் ஆதிப் ரஹ்மானும் அவரது குழுவினரும் ஒரு முயற்சியை மேற்கொண்டனர். கிராமத்துச் சுகாதாரப் பணிப்பெண்களுக்குப் பயிற்சியளித்து, மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளின் வீடுகளுக்கு அனுப்பினர். அவர்கள் தாயின் பேச்சைச் செவிமடுத்தனர். தன்னைப் பற்றிய தவறான எண்ணங்களை மாற்ற உதவினர். குடும்பத்தாரையும் அதில் இணைத்துக் கொண்டனர். 2008 இல் வெளியான முடிவின்படி, குழந்தைக்கு ஆறு மாதமானபோது இவ்வுதவியைப் பெற்ற தாய்மாருள் 23 வீதமானோரிடமே மனச்சோர்வு எஞ்சியிருந்தது. பெறாதோரிடம் அது 53 வீதமாக இருந்தது.

இதற்கான அடித்தளம் நம் நாட்டில் ஏற்கெனவே உண்டு. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பமான காலம் தொட்டு வளர்ந்து வந்த சேவை அது. குடும்ப நல உத்தியோகத்தர், அதாவது நாம் ‘மிட்வைஃப்’ என்றழைக்கும் சகோதரி, பிரசவத்தின் பின்னர் வீடு தேடி வருகிறார். தாயின் மனநிலையை அறியப் பத்துக் கேள்விகள் கொண்ட படிவமும் உண்டு. ஆனால், மாமியும் அயலவரும் சூழ்ந்து நிற்க, ‘சுகமா இருக்கிறேன்’ என்பதைத் தவிர வேறெதை அவள் சொல்வாள்? அவர்கள் இருவரும் தனியே பேச ஐந்து நிமிடம் இடம் கொடுங்கள்.

மலை சரியும் ஊரில்

ஊவா மக்களாகிய நமக்கு இன்னுமொரு சுமையும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் மண்ணில் புதையுண்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தில் மீண்டும் மலைகள் சரிந்து உயிர்களைக் காவு கொண்டன. அத்தகைய இழப்பைக் கண்ட பிள்ளைகள் மழை பெய்தால் தாயை விட்டு நகர மறுப்பதும், உறக்கத்தில் அலறுவதும், பாயை நனைப்பதும் வழமையானவையே. அவர்களை ஏசாதீர்கள், பரிகசிக்காதீர்கள். ஆனால், தானே அஞ்சி நடுங்கும் தாய் எவ்வாறு பிள்ளையைத் தேற்றுவாள்? அவளைத் தேற்றுவோர் யார்? குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுக் கொழுந்து பறிக்கச் செல்லும் தோட்டத்துச் சகோதரியும், கணவன் கொழும்புக் கடையிலோ வளைகுடாவிலோ இருக்கத் தனித்திருக்கும் நம் வீட்டுப் பெண்ணும் இதில் ஒன்றே. அயலவரின் உரிமைக்கு மதம் எல்லையல்ல.

நாம் செய்ய வேண்டியவை

கணவன்மாரே! இரவில் ஒரு முறையேனும் குழந்தையை நீங்கள் தூக்குங்கள். நபி (ஸல்) அவர்கள் பேத்தி உமாமாவைச் சுமந்தவாறே தொழுதிருக்கிறார்கள். குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் மனம் வருந்துமே என்று தொழுகையையே சுருக்கினார்கள். தூர நாட்டில் இருப்போர் தொலைபேசியில் குழந்தையை விசாரிக்கு முன் மனைவியை விசாரியுங்கள்.

மாமிமாரே, உம்மாமாரே! நாற்பதாம் நாளுடன் உங்கள் உதவியை நிறுத்தி விடாதீர்கள். வந்தவர்கள் போன பின்னர்தான் அவள் தனிமையை உணர்கிறாள்.

துஆவும் ஓதலும் மனதுக்கு அமைதி தருபவை. எனினும், வைத்தியத்தைப் பிற்போட அவற்றைக் காரணமாக்காதீர்கள். மருந்து தேடுமாறு நமக்குக் கற்பித்ததும் நபியவர்களே. தாய்ப்பாலூட்டும் காலத்தில் பயன்படுத்தக்கூடிய மருந்துகளும் உள்ளன. வைத்தியர் சொல்லாமல் அவற்றை நிறுத்த வேண்டாம்.

‘வாழ்ந்தது போதும்’ என்று அவள் சொன்னால், அல்லது தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்துவிடுவேனோ என அஞ்சினால், அவளைத் தனியே விடாதீர்கள். அன்றே பதுளை போதனா வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள வைத்தியசாலைக்கோ அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 எனும் இலக்கத்துக்கு இரவிலும் பகலிலும் பேசலாம். முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பமான ஆண்டும் அதுவே என்பதால் நினைவில் வைப்பது எளிது.

சகோதரர்களே! இன்று வீடு திரும்பியதும் குழந்தையைக் கொஞ்சுமுன் அதன் தாயிடம், ‘நீங்கள் சாப்பிட்டீர்களா? தூங்கினீர்களா? மனம் எப்படி இருக்கிறது?’ என்று கேளுங்கள். பதில் வரும் வரை அருகில் அமர்ந்திருங்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் வீடுகளின் தாய்மாருக்கும் தந்தையருக்கும் பிள்ளைகளுக்கும் மன அமைதியைத் தந்தருள்வானாக! ஆமீன்.