எண்பதைத் தாண்டிய உடம்புக்கு எத்தனை மருந்து?

"ஐயா, அத்தைக்கு வயசு எண்பத்தாறு. சர்க்கரை இருக்கு, பிரஷர் இருக்கு, முட்டி வலி வேற. போன வாரம் ராத்திரி பாத்ரூம் போகையில விழுந்துட்டாங்க. நல்லவேளை, எலும்பு முறியல. பலத்துக்கு ஏதாவது லேகியம் குடுங்க" என்றார் மருமகள்.

நாடி பார்ப்பதற்கு முன் நான் கேட்டது இதுதான்: "வீட்டுல இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டு வாங்கம்மா."

மறுநாள் மஞ்சள் பை நிறைய வந்தது. மேஜையில் கொட்டினால் பதினான்கு வகை! மூன்று டாக்டர்கள் எழுதியவை, கடையில் கேட்டு வாங்கியவை, நாட்டு மருந்துகள் என எல்லாம் கலந்து கிடந்தன.

ஒவ்வொன்றும் எப்போது ஆரம்பித்தது என்று விசாரித்தேன். விஷயம் புரிந்தது. முட்டி வலிக்குத் தினமும் வலி மாத்திரை. இந்த வகை மாத்திரைகள் பல, உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஆச்சிக்குக் கால் வீங்கியது. வீக்கத்துக்கு இன்னொரு டாக்டரிடம் போனவர்கள், வலி மாத்திரையைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் நீர் பிரிய மாத்திரை எழுதினார். அதைச் சாயங்காலம் போட்டதால் ராத்திரி நாலு தடவை எழுந்திருக்க வேண்டியதாயிற்று. இருட்டில் சட்டென்று எழுந்ததில் தலைசுற்றல்... விழுந்துவிட்டார். ஆச்சியைத் தள்ளியது நோயா, மருந்தா?

எங்கள் பக்கமும் குறை உண்டு. கருப்பட்டி சேர்ந்த லேகியம் சர்க்கரையை ஏற்றும். இருமலுக்கு நல்லதென்று அதிமதுரத்தை நாள்கணக்கில் அதிகம் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். 'இந்துப்புதானே' என்று தாராளமாகப் போடுகிறார்கள், அதுவும் உப்புதான்! நாட்டு மருந்து ஒன்றும் செய்யாது என்று நினைக்காதீர்கள். குணம் செய்கிற மருந்துக்கு, அளவு மீறினால் கெடுதல் செய்யவும் தெரியும்.

வயது ஏற ஏற, கல்லீரலும் சிறுநீரகமும் மருந்தை வெளியேற்றும் வேகம் குறைகிறது. ஐம்பதில் தாங்கிய அளவு எண்பத்தைந்தில் அதிகமாகிவிடும். சர்க்கரையும் அப்படித்தான். பல நோய்கள் உள்ள முதியவர்களுக்கு மூன்று மாத சராசரி 8 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் போதும் என்று அமெரிக்க நீரிழிவு சங்கமே தளர்த்திச் சொல்கிறது. ரொம்ப இறுக்கினால் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து, மயங்கி விழும் ஆபத்து உண்டு.

ஆச்சியிடமே கேட்டேன்: "உங்களுக்கு எது சரியாகணும்?"

"தம்பி, எல்லா நோயும் போகணும்னு நான் கேக்கல. சாயங்காலம் நானா நடந்து போய்த் திண்ணையில உக்காரணும். அது போதும்."

நான் லேகியம் கொடுக்கவில்லை. மருந்துப் பட்டியல் எழுதி, அவர்கள் குடும்ப டாக்டருக்குக் கடிதம் கொடுத்தேன். அவர் வலி மாத்திரையை நிறுத்தினார். வீக்கம் வடிந்ததும் நீர் மாத்திரையையும் நிறுத்தினார். முட்டிக்கு வெளிப்பூச்சுத் தைலமும் ஒத்தடமும் என் பங்கு. வலி முழுக்கப் போகவில்லை. ஆனால் ஆச்சி இப்போது திண்ணைக்கு வருகிறார்.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கு நீங்கள் செய்ய வேண்டியவை:

1. எல்லா மருந்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரே தாளில் எழுதுங்கள். எந்த வைத்தியரிடம் போனாலும் அதைக் காட்டுங்கள்.

2. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஒரே டாக்டரை வைத்துக்கொள்ளுங்கள். 'இதில் எது இன்னும் தேவை?' என்று கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

3. புதிதாக ஒரு தொந்தரவு வந்தால், சமீபத்தில் ஆரம்பித்த மருந்தை முதலில் சந்தேகப்படுங்கள்.

4. படுக்கையிலிருந்து எழுந்ததும் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து, பிறகு நிற்கச் சொல்லுங்கள். பாத்ரூம் வழியில் இரவு விளக்கு எரியட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையைக் கொட்டிப் பாருங்கள். அப்படியே, அவருக்கு எந்தத் திண்ணைக்குப் போக ஆசை என்றும் கேட்டுப் பாருங்கள்!