பாதை யார் கையில்?

மொரப்பூர் மக்களுக்குப் பாதையின் அருமையைப் பற்றி நாம் பாடம் நடத்தத் தேவையில்லை. 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குச் சிற்றிரயில் ஓடத் தொடங்கிற்று. 1913இல் ஓசூர் வரை நீண்டது. 1941இல், உலகப் போரின் நடுவே, அது மூடப்பட்டது. தருமபுரி இருந்த இடத்திலேதான் இருந்தது; போகும் வழிதான் போயிற்று! மொரப்பூரைக் கேட்டா அம்முடிவை எடுத்தார்கள்?

இன்று அதே ஊரிலே தக்காளி விலையையும், கல்லூரி இடத்தையும், நோய்க்கு மருந்தையும் செல்பேசியில் தேடுகிறார்கள். தேடுவது நம் மக்கள். முதலில் எதைக் காட்டுவது என்று தீர்மானிப்பது கூகுள்! 2018 பிப்ரவரியில் இந்தியப் போட்டி ஆணையம் அந்நிறுவனத்துக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. குற்றம் என்ன? விமானப் பயணம் தேடி வந்தவர்களுக்குத் தன் கடையையே முன்னே விரித்தது என்பதுதான். 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றமும், தேடலில் அது சட்டவிரோத ஏகபோகம் நடத்துவதாகத் தீர்ப்பளித்தது. ஏகபோகம் என்று நாம் சொன்னால் பழிப்பு. அவர்கள் நாட்டு நீதிபதியே சொன்னால்?

முதலாளி ஒருபுறம் வழியைத் திருப்புகிறான். டில்லி மறுபுறம் கதவையே அடைக்கிறது. பிரதமர் கைவிலங்குடன் இருப்பதாகக் கேலிச்சித்திரம் வெளியிட்ட விகடனின் இணையதளம் 2025 பிப்ரவரி 15 அன்று பலருக்கும் திறக்கவில்லை. முறையான அறிவிப்பு எதுவும் வரவில்லை என்றது அந்நிறுவனம். ஒரு சித்திரத்துக்காக ஒரு தளம் முழுவதையுமா பூட்டுவது? மார்ச் 6 அன்று, சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கச் சொல்லி, தடையை விலக்குமாறு சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே பூட்டுத் திறந்தது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் கூறினர். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், ஒன்றிய அரசு தான் விரும்பும் தன் அமைப்புகளுக்கு அச்சட்டத்திலிருந்தே விலக்களித்துக் கொள்ளலாம்! வேலியே பயிரை மேய்ந்தால் விளைச்சல் ஏது?

மாற்று உண்டா? உண்டு. தேடியவர் யார் என்று குறித்து வைக்காமல், தேடிய சொல்லுக்கு மட்டும் விளம்பரம் காட்டிப் பிழைக்கிறது டக்டக்கோ. ஆனால் அதுவும் தன் விடைகளில் பெரும்பகுதியை மைக்ரோசாப்டின் பிங்கிடமிருந்தே பெறுகிறது. இணையத்தைத் தானே துருவி, சொந்தப் பட்டியல் வைத்திருக்கும் பிரிட்டனின் மோஜீக் போன்றவை மிகச் சில. இரவல் விளக்கு எத்தனை நாளைக்கு எரியும்?

ஆகவே நாம் கேட்கிறோம்: எந்தத் தளத்தை முடக்கினாலும் காரணத்தை எழுத்திலே, ஊரறிய வெளியிடுக! முடக்கும் முன் உரியவரின் வாதத்தைக் கேட்டிடுக! தமிழிலே தேடுவோருக்குச் சொந்தப் பட்டியல் கொண்ட தேடுபொறியை, நம் பல்கலைக்கழகங்களின் துணையோடு, பொதுப்பணத்தில் உருவாக்குக! பொதுப்பணத்தில் நூலகம் கட்டிய நாட்டுக்கு இது இயலாத காரியமல்ல. அறிவைத் தேடுகிறவனை வேவு பார்ப்பதும், அவன் கண்ணைக் கட்டுவதும் ஆட்சியுமல்ல, வாணிபமுமல்ல, ஆதிக்கம்! ஆதிக்கம் எந்த உருவில் வந்தாலும் எதிர்ப்பது நம் கடமை.