உங்களுக்குத் தெரியுமா? – ஆர்.என்.ஏ. குடியிருக்கும் இடங்கள்

டி.என்.ஏ.வில் உள்ள செய்முறையை நகலெடுத்து, உட்கருவுக்கு வெளியே கொண்டுபோய்ப் புரதம் செய்யக் கொடுப்பது ஆர்.என்.ஏ. என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால், புரதத்துக்கான செய்முறையே இல்லாத ஆர்.என்.ஏ.க்களும் நம் செல்களில் ஏராளம். அவை எங்கெங்கே இருக்கின்றன?

ரைபோசோமில்: செல்லில் உள்ள ஆர்.என்.ஏ.வில் சுமார் 80 சதவீதம் இங்கேதான். புரதம் தயாரிக்கும் பட்டறையே, புரதச் செய்முறை இல்லாத ஆர்.என்.ஏ.வால் கட்டப்பட்டது!

எக்ஸ் குரோமோசோமின் மேல்: பெண்களின் செல்லில் எக்ஸ் இரண்டு உண்டு. ஒன்று போதும் என்பதால் மற்றது முடக்கப்படுகிறது. முடக்குவது ‘எக்ஸிஸ்ட்’ என்ற ஆர்.என்.ஏ. எந்தக் குரோமோசோமில் பிறந்ததோ அதையே போர்வைபோல் மூடிக்கொள்கிறது. உட்கருவைவிட்டு வெளியே வருவதில்லை. முடங்கிய எக்ஸ் சுருண்டு கிடப்பதை 1949-லேயே முர்ரே பார், பெண் பூனையின் நரம்புச் செல்களில் பார்த்துவிட்டார். எக்ஸிஸ்ட் பிடிபட்டதோ 1991-ல். இடையில் 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில், வீராங்கனைகளின் கன்னத்து உட்புறச் செல்களில் இந்தச் சுருளைத் தேடி ‘பெண்தானா?’ என்று சோதித்த கூத்தும் நடந்தது.

மைட்டோகாண்ட்ரியாவில்: இதற்குச் சொந்தமாக 37 மரபணுக்கள். அவற்றில் 24, புரதமாகாத ஆர்.என்.ஏ.வுக்கானவை.

உட்கருவிலிருந்து சைட்டோபிளாசத்துக்கு: மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கு உட்கருவில் ஒரு வெட்டு, வெளியே வந்தபின் இன்னொரு வெட்டு. மிஞ்சுவது சுமார் 22 எழுத்து. அதை வைத்துக்கொண்டு, பிற மரபணுக்களின் செய்தி புரதமாகாமல் தடுக்கிறது. 1993-ல் ஒரு சின்னப் புழுவில் இதைக் கண்ட விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவருக்கும் 2024-ல் நோபல் கிடைத்தது.

செல்லின் வெளித்தோலில்கூட: லூபஸ் நோயாளிகளின் எதிர்ப்பொருள்களைக் கொண்டு 1981-ல் சில குட்டி ஆர்.என்.ஏ.க்களைக் கண்டுபிடித்தார்கள். சைட்டோபிளாசத்தில் இருந்ததால், அச்சொல்லின் ஆங்கில எழுத்திலிருந்து ஒய்யை எடுத்து ‘ஒய் ஆர்.என்.ஏ.’ என்று பெயரிட்டார்கள். 2021-ல் ரயன் ஃபிளின், கரோலின் பெர்டோஸி குழு பார்த்தபோது, அவற்றில் சில சர்க்கரைச் சங்கிலியை மாட்டிக்கொண்டு செல்லின் வெளிப்பரப்பில் நின்றிருந்தன. பெயர் மட்டும் இன்னும் பழைய விலாசத்திலேயே இருக்கிறது.